நூற்றிப் பத்து காட்டிய மீட்டர்

"மீட்டர் பொய் சொல்லாது" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கண்டி டவுனிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான். வண்டிக்காரர்களிடம் சொன்னேன், முதலாளியிடம் சொன்னேன், கடைசியில் கூடப்பிறந்த அக்காவின் புருசனிடமும் அதே வாயால் சொன்னேன். அந்த வாய் அன்றைக்கு ஒரு நாள் அடைத்துப் போயிருக்கலாம்.

கராஜ் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எஞ்சினின் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் கம்ப்ரெஷன் மீட்டரின் குழாயைத் திருக வேண்டும். ஸ்டார்ட்டரைப் பிடித்து எஞ்சினை நாலு சுற்றுச் சுற்றினால், உள்ளே காற்று எவ்வளவு இறுகுகிறது என்று முள் காட்டும். நல்ல பெட்ரோல் எஞ்சின் என்றால் நூற்று எழுபதுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். குறைந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் வால்வு ஒழுகுகிறது. ஏறின முள் இறங்காமல் நிற்பதற்காகக் குழாயின் நுனியில் ஒரு குட்டி ஊசி வால்வு இருக்கும். காற்றை உள்ளே விடும், திரும்ப விடாது. இவ்வளவுதான் விசயம். இந்த அரிசி மணி அளவு சாமானை வைத்துத்தான் நான் ஒரு மனுசனின் பிழைப்பைக் கெடுத்தேன்.

எங்கள் கராஜில் மீட்டர் என் மேசை லாச்சியில் இருக்கும், சாவி என் இடுப்பில் இருக்கும். வண்டிக்கு என்ன வருத்தம் என்று சொல்வது என் வேலை. எஞ்சினைத் திறந்து ரிங் போட்டு மூடுவது அக்கா புருசன், என் மச்சானின் வேலை. அவரை அந்தக் கராஜில் சேர்த்துவிட்டதே நான்தான். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு முறை போய் வருவார். பேச்சு குறைவு. கை மட்டும் அப்படி ஒரு கை. அவர் பூட்டின எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, இது யார் வேலை என்று வண்டிக்காரர்கள் விசாரிப்பார்கள். கொஞ்ச காலத்தில் வருகிறவனெல்லாம் "அந்த ரிங் போடுற பாஸ் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். நான் வாசலில்தான் நிற்பேன். என்னைத் தாண்டிப் போவான். பொறாமைதான், வேறென்ன? அதற்கு இன்னொரு பேர் வைத்து என்ன ஆகப் போகிறது.

அந்த வருட ஆயுத பூசைக்கு வழக்கம் போல் எல்லாச் சாமானையும் கழுவினோம். ஸ்பேனர், ஜாக்கி, வைஸ், ஒன்று விடாமல் பெட்ரோலில் ஊற வைத்துத் துடைத்து, எண்ணெய் தடவி, வாழை இலையில் வரிசையாக அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்போம். அன்றைக்கு எதையும் தொட்டு வேலை செய்ய மாட்டோம். மற்றவர்கள் ஸ்பேனரைக் கழுவினார்கள். என் மீட்டரை இன்னொருத்தன் தொடக் கூடாது என்று நானே எடுத்து உட்கார்ந்தேன். சும்மா துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். இல்லை, குழாயைக் கழற்றி, நுனியில் இருந்த ஊசி வால்வையும் கழற்றி, பெட்ரோல் தகரத்தில் போட்டேன். பூசைக்குச் சாமி உள்ளே வந்து பார்க்கப் போகிறதா? எனக்கு அப்படி ஒரு சுத்தம் வேண்டியிருந்தது. பிறகு யாரோ அந்தத் தகரத்து அழுக்குப் பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டிவிட்டார்கள். வால்வும் அதோடு போய்விட்டது.

பூசைக்கு நேரமாகிறது, ஐயர் வந்து நிற்கிறார், முதலாளி கத்துகிறார். நான் பக்கத்து டயர் கடைக்கு ஓடினேன். டயரில் காற்று நிற்பதற்குப் போடுகிற ஊசி வால்வு ஒன்றை வாங்கி வந்து குழாயில் திருகினேன். அதே அளவு, அதே மரை, கச்சிதமாக உட்கார்ந்தது. டயர்க்காரர் கேட்டார், "எதுக்கு பாஸ் அவசரமா?" "சாமிக்கு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். மீட்டரின் கண்ணாடியில் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் தீட்டி, மற்றச் சாமான்களுக்கு நடுவே பெரிய இடம் கொடுத்து வைத்தேன். தேங்காய் உடைந்தது. எல்லாரும் அவல் கடலை தின்றோம்.

பத்து நாள் கழித்து ஒரு வேன் வந்தது. புசல்லாவைப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஒரு அம்மாவுடையது. பூசைக்கு முந்தின வாரம்தான் மச்சான் அதற்கு ரிங் போட்டுக் கொடுத்திருந்தார்.

"பாஸ், ஏத்தத்துல வண்டி இழுக்குதில்ல. நடந்து போறவங்க எல்லாம் என்னைய முந்திக்கிட்டுப் போறாங்க" என்றார் அந்த அம்மா. அழாத குறை.

லாச்சியைத் திறந்தேன். மீட்டரில் பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. ராசி என்று நான் அதைத் துடைக்கவில்லை. முதல் பிளக் ஓட்டையில் போட்டேன், நூற்றிப் பத்து. இரண்டாவது, நூற்றிப் பத்து. மூன்றாவதும் நாலாவதும் நூற்றிப் பத்து. அந்த அம்மா, முதலாளி, வேலையாட்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். நான் மீட்டரைத் தூக்கி முள்ளை எல்லாருக்கும் காட்டினேன். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பொய் சொல்ல மாட்டேன், சந்தோசம்தான்.

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுச் சொன்னார், "நாலும் ஒரே மாதிரி கொறையுது பாரு மச்சான். நாலு ரிங்கும் பேசி வச்சுக்கிட்டா கெட்டுப் போகும்? கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாரு. இல்லாட்டி அந்தா நிக்கிற காருல போட்டு மீட்டரப் பாரு."

எண்ணெய் விடுவது என்றால், பிளக் ஓட்டைக்குள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டுத் திரும்ப அளப்பது. முள் நன்றாக ஏறினால் ரிங்கில் பிழை, அசையாமல் இருந்தால் பிழை வேறு எங்கேயோ. ஐந்து நிமிச வேலை. இன்னொரு வண்டியில் மீட்டரைப் போட்டுப் பார்ப்பது அதைவிடச் சுலபம், கார் பத்தடி தள்ளித்தான் நின்றது. தொழில் தெரிந்தவன் எவனும் செய்வான். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் என் மீட்டரைச் சந்தேகப்படுவதா என்று தலைக்கு ஏறிவிட்டது.

"மீட்டர் பொய் சொல்லாது மச்சான். கைதான் பொய் சொல்லும்" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மச்சான் என்னையே பார்த்தார். முதலாளி அன்று பின்னேரமே மச்சானிடம், "நாளைலேருந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டார். மச்சான் தன் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு போகும்போது நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். வேலை இருந்து படுக்கவில்லை.

இத்தோடு போயிருந்தால் அதைத் தவறு என்று சொல்லலாம். மனுசன் தவறுவான். அடுத்து நடந்ததற்குத்தான் என்னிடம் பேர் இல்லை.

அந்த வேனைத் திரும்பத் திறக்க முதலாளி என்னிடமே கொடுத்தார். திறந்தேன். ரிங்குகள் கண்ணாடி மாதிரி உட்கார்ந்திருந்தன. ரிங்குகளின் வெட்டு வாய்கள் ஒன்றுக்கொன்று விலகி, எது எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் இருந்தன. சிலிண்டர் சுவரில் ஒரு கீறல் இல்லை. அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிழை ஏதோ இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நல்ல ரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது ரிங் போட்டேன். பூட்டினேன். சாப்பாட்டு நேரம், எல்லாரும் கடைக்குப் போய்விட்டார்கள். தனியாக இருந்துதான் மீட்டரைப் போட்டேன்.

நாலிலும் நூற்றிப் பத்து.

புது ரிங்குக்கும் அதே எண் என்றால் பிழை மீட்டரில்தான். அதைச் சுருட்டி லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். முதலாளி வந்து கேட்டபோது "சரியாயிருச்சு" என்றேன். வண்டியை ரோட்டில் ஓட்டினால் அப்போதும் இழுக்கவில்லை. பிறகு தேடிப் பார்த்ததில், புகை போகிற சைலன்சர் உள்ளுக்குள் உடைந்து கரி அடைத்துக் கிடந்தது. எஞ்சின் மூச்சு விடவே வழியில்லை. புதிதாக மாற்றினேன், வண்டி பறந்தது. ரிங்கையும் மாற்றியாச்சு, சைலன்சரையும் மாற்றியாச்சு, எதால் சரியானது என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்.

வாயையாவது மூடிக்கொண்டு இருந்தேனா? அதுவும் இல்லை. மச்சானை அனுப்பின மறுநாளே தேத்தண்ணிக் கடையில், நாலு கராஜ்காரர்கள் இருக்கிற இடத்தில், நாலு சிலிண்டரும் நூற்றிப் பத்து என்று நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருந்தேன். அது பட்டப்பேராகிவிட்டது. மச்சான் வேலை கேட்டு கம்பளைக்குப் போயிருக்கிறார். "ஆ, நூத்திப்பத்து பாஸா?" என்று கேட்டார்களாம். நாவலப்பிட்டியிலும் அதே கேள்வி. இரண்டு மாதம் அலைந்துவிட்டு, கடைசியில் தோட்டத்தில் தேயிலைக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். மெக்கானிக்காக இருந்தவர் முதுகில் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு மலை ஏறினார்.

அதற்கிடையில் தீபாவளி வந்தது. நான் ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்கா வீட்டுக்குத்தான் போவேன். அந்த வருடமும் வெட்கமில்லாமல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அக்கா கோழிக் கறி வைத்திருந்தாள். புருசனுக்கு வேலை இல்லாத வீட்டில் அந்தக் கோழி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. தொடைக் கறியை எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் அதைத் தின்றுகொண்டே மச்சானுக்குப் புத்தி சொன்னேன், "இனிமே எங்க வேலைக்குப் போனாலும் கவனமா இருங்க மச்சான்" என்று. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அக்கா, "கேட்டுக்கங்க, தம்பி நல்லதுக்குத்தான் சொல்றான்" என்றாள்.

பொங்கல் கழிந்து ஒரு மாதம் இருக்கும். கார் வாங்கப் போகிற ஒருவர், எஞ்சினைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அதைக் கொண்டு வந்தார். ஜப்பானிலிருந்து இறங்கி அதிகம் ஓடாத கார். ஹந்தானை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன், பூப்போல ஏறியது. கராஜுக்குக் கொண்டு வந்து, அந்த வேனுக்குப் பிறகு தொடாமல் வைத்திருந்த மீட்டரை, வாங்குகிறவர் கேட்டதால் எடுத்துப் போட்டால் நாலிலும் நூற்றிப் பத்து. அந்தச் சனியன் பிடித்த எண் ஆளைத் தேடித் தேடி வருகிறது.

காரை விற்கிறவரும் நிற்கிறார். "என்ன பாஸ், வெளையாடுறீங்களா? மொதல்ல ஒங்க மீட்டரப் பாருங்க" என்றார். மச்சான் சொன்ன அதே வார்த்தை. இந்த முறை பார்த்தேன்.

முள் இருக்கிற கேஜை மட்டும் குழாயிலிருந்து கழற்றி, காற்று அடிக்கிற கம்ப்ரஸரில் பொருத்தினேன். கம்ப்ரஸர் நூறு காட்டியது, கேஜும் நூறு காட்டியது. கேஜில் பிழையில்லை. குழாயை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திக் காற்றை விட்டேன். ஒரு குமிழ் வரவில்லை. திருகுகிற இடத்து ரப்பர் வளையத்தை மாற்றினேன். திரும்பப் போட்டேன், நூற்றிப் பத்து. மிஞ்சி இருந்தது ஊசி வால்வு ஒன்றுதான். அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்த உடனே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆயுத பூசை, பெட்ரோல் தகரம், டயர் கடை, சாமிக்கு என்று சொல்லிச் சிரித்தது.

அடுத்த கராஜில் மீட்டர் ஒன்று இரவல் வாங்கி, அதன் வால்வைக் கழற்றினேன். இரண்டும் பார்க்க ஒன்றுதான். நகத்தால் அழுத்தினால்தான் தெரிகிறது. அவர்களுடையது தொட்டாலே உள்ளே போகிறது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தலைமுடி மாதிரி. என்னுடையது நகத்தைத் திருப்பித் தள்ளியது. அதைத் தள்ளித் திறக்கிறதுக்கே காற்றின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், மிச்சம்தான் முள்ளுக்கு. அவர்களுடைய வால்வை என் குழாயில் போட்டு அதே காரில் வைத்தேன். நூற்று எழுபது. நாலிலும். நல்ல எஞ்சினை எல்லாம் நோயாளி என்று சொல்லிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது அந்த மீட்டர். அதைக் குறை சொல்லி என்ன? வால்வைப் போட்டவன் நான்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கணக்குக் கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "வெளிய பேசாதீங்க. கராஜ் பேரு கெட்டுப் போயிரும்" என்றார். கராஜுக்குப் பேர் இருக்கிறதாம், மச்சானுக்கு இல்லையாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணும்னா அவர வரச் சொல்லுங்க. பழசப் பத்தி ஒன்னும் கதைக்கக் கூடாது" என்றார். அதை வாங்கிக்கொண்டு, ஏதோ பெரிய வரம் கிடைத்த மாதிரி, ஞாயிற்றுக்கிழமை ஹேவாஹெட்ட பஸ் ஏறினேன். மீட்டரையும் இரண்டு வால்வையும் பையில் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஒன்றைத் தவிர.

மச்சான் தோட்டத்து லய வீட்டு வாசலில் உட்கார்ந்து மருந்துத் தொட்டியின் பம்ப்பைக் கழற்றிப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சில்லறைப் பம்ப்பைக்கூடத் துணி விரித்து, கழற்றின வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். பூசை அன்று வால்வு தொலைந்தது, டயர் வால்வைப் போட்டது, கேஜைப் பார்த்தது, குழாயைப் பார்த்தது, நூற்று எழுபது வந்தது. சொல்லச் சொல்ல எனக்கே இலேசாகிக்கொண்டு வந்தது. "பிழை மீட்டர்ல மச்சான். ஒங்க கையில இல்ல. மொதலாளி வரச் சொல்றார்" என்று முடித்தேன்.

மச்சான் இரண்டு வால்வையும் வாங்கி நகத்தால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மருந்து பட்டுப் பட்டு நகமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. பிறகு, ரொம்பச் சாதாரணமாக, ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"அந்த வேன ரெண்டாவது வாட்டி நீதானே பூட்டின? பூட்டிட்டு மீட்டர் போடாம வுட மாட்டியே நீ. எவ்வளவு காட்டிச்சு?"

இந்தக் கேள்வியை முதலாளி கேட்கவில்லை, அந்த அம்மா கேட்கவில்லை, தேத்தண்ணிக் கடையில் ஒருத்தன் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவன் மட்டும்தான் கேட்பான். போட்டுப் பார்க்கவில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் கண்ணைப் பார்த்தால் சொல்ல முடியவில்லை.

"நூத்திப்பத்து" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா தேத்தண்ணியோடு வாசலுக்கு வந்தாள். அந்தப் பட்டப்பேரைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "இன்னும் அந்தப் பேச்சு போகலையா ஒனக்கு? வூட்டுக்கு வந்தும் அவர நக்கல் பண்ணணுமா?" என்று சத்தம் போட்டாள்.

"நக்கல் இல்ல, சொல்றதக் கேளு" என்றார் மச்சான். அவர் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பம்ப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். நானே சொல்ல வேண்டியதாயிற்று. மீட்டர் பிழை என்பதையும், வேனைப் பூட்டின அன்றைக்கே அது எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும், தெரிந்தும் லாச்சியைப் பூட்டிக்கொண்டதையும் என் வாயால் அக்காவுக்குச் சொன்னேன். மெக்கானிக் பாஷை தெரியாதவள். இருந்தாலும் எல்லாம் விளங்கியது அவளுக்கு.

கிளாசை என்னிடம் நீட்டவில்லை, கீழேயும் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தீவாளிக்கு இங்க வந்து ஒக்காந்து சாப்பிட்டியே. அப்பவும் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்" என்றேன்.

அக்கா தேத்தண்ணியை வாசலோரத்தில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். மச்சான் மீட்டரை என் பைக்குள் வைத்து, இரண்டு வால்வையும் ஒரு தாளில் தனித்தனியாகச் சுற்றி, அதையும் உள்ளே வைத்தார்.

"ஒரு மணிக்கு பஸ் இருக்கு" என்றார்.

அப்போது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. உள்ளே கறி தாளிக்கிற வாசம் வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை.